உப்புக்காற்றுக்குத் தாங்குகிற கிட்டார்: பத்திலிருந்து இருபதாயிரத்துக்குள் பார்த்து வாங்குவது எப்படி

கிட்டார் வாங்கப் போகிறேன் என்று சொன்னதுமே எல்லாரும் கேட்பது "எந்தக் கம்பெனி நல்லது?" என்றுதான். கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ இருக்கிறவர் அங்கிருந்தே தொடங்கலாம், தப்பில்லை. ஆனால் தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம், அந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் என்று கடலை ஒட்டியே குடியிருக்கிற நமக்கு முதல் கேள்வி வேறு. இந்தக் காற்றில் இது எத்தனை வருஷம் ஒழுங்காக நிற்கும்? அதைப் பார்த்துவிட்டு அப்புறம் கம்பெனி பெயருக்கு வரலாம்.

இங்கே கிட்டாரைக் கெடுப்பது ஈரமும் உப்பும். மரத்துக்கு உகந்த காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் என்று கிட்டார் செய்கிறவர்கள் சொல்வார்கள், நம் கரையில் பெரும்பாலான நாள் அதற்கு மேலேதான் ஓடும். கரையில் ஏற்றி வெயிலில் காயப்போட்ட வள்ளத்தில் பலகைக்குப் பலகை இடைவெளி விடுவதையும், தண்ணீரில் இறக்கியதும் ஊறி இறுகிக்கொள்வதையும் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம், கிட்டாரின் மேல்பலகையும் அப்படித்தான் ஊறும், சுருங்கும். ஊறினால் பலகை மேலே உப்பும், அதன்மேல் ஒட்டி, கம்பியின் அடிமுனையைப் பிடித்திருக்கிற பிரிட்ஜும் கூடவே ஏறும், கம்பி ஃபிரெட்டை, அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டையை, விட்டு உயரும், நேற்று வரை சுலபமாக அழுத்திய எஃப் கார்டு என்ற சுரக்கூட்டு இன்றைக்கு விரலை அறுக்கும். உப்பு செய்கிற வேலை தனி. கம்பி, டியூனிங் கீ, சின்னச் சின்ன ஸ்க்ரூ என்று இரும்பும் பித்தளையும் எங்கே இருக்கிறதோ அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.

பட்ஜெட்டை முதலில் பேசிவிடலாம். மூவாயிரம் நாலாயிரத்துக்கு பை, பெல்ட், பிக், கூடுதல் கம்பி எல்லாம் சேர்த்து ஆன்லைனில் வருகிற 38 அங்குல கிட்டாரை யாருக்கும் நான் சொல்ல மாட்டேன், பிள்ளை படிக்கத் தொடங்குகிறான், முதலில் இது போதும் என்று நினைக்கிறவர்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்ல மாட்டேன். அந்த விலையில் பல கிட்டாரில் நெக்கை, அதாவது கழுத்தைச் சரிசெய்கிற டிரஸ் ராட் என்ற உள்தண்டே இருக்காது, கம்பி உயரம் நாலு மில்லிமீட்டரைத் தொடும், ஒரு பாட்டு முடிவதற்குள் சுருதி இறங்கிவிடும். இரண்டு மாதம் விரல் வலித்து, என்ன வாசித்தாலும் அபஸ்வரமாகக் கேட்டு, "எனக்கு இசை வராது" என்று முடிவு கட்டி விட்டுவிடுகிற பிள்ளைகள் நிறையப் பேர், வராமல் போனது அவர்களுக்கு இல்லை, அந்தக் கருவிக்கு. இதை நினைத்தால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும்.

அதனால் எட்டு, பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் வரைக்கும் என்று வைத்துக்கொள்வோம். விலை மாதத்துக்கு மாதம் மாறும், வாங்குகிற அன்று இரண்டு மூன்று இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கையில் பதினைந்தாயிரம் இருந்தால் பதினைந்தாயிரத்துக்கும் கிட்டார் வாங்கிவிடாதீர்கள், பன்னிரண்டோடு நிறுத்துங்கள். மிச்சம் மூவாயிரம் செட்டப் (நெக், கம்பி உயரம் எல்லாம் சரிசெய்கிற வேலை), நல்ல கம்பி ஒரு செட், பஞ்சு வைத்த கெட்டியான பை, சுருதியை ஏற்ற நெக்கில் மாட்டுகிற கேப்போ ஒன்று, இதற்கே சரியாகப் போகும். பன்னிரண்டாயிரம் ரூபாய்க் கிட்டாருக்கு ஒழுங்கான செட்டப் செய்தால், செட்டப் இல்லாத பதினெட்டாயிரம் ரூபாய்க் கிட்டாரைவிட நன்றாக வாசிக்க வரும்.

அடுத்தது, இரும்புக் கம்பியா நைலானா. இதை நம் ஊரில் யாரும் யோசிப்பதே இல்லை, ஆனால் யோசிக்க வேண்டியது நாம்தான். நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டாரில் மெல்லிய மூன்று கம்பியும் வெறும் ஒற்றை நைலான் இழை, மீன் பிடிக்கிற தங்கூசிக்குச் சொந்தக்காரன், துருப்பிடிக்க அதில் எதுவும் இல்லை. தடித்த மூன்றில்தான் உலோகம் சுற்றியிருக்கும், அது கறுக்கும், சத்தம் மங்கும், அவ்வளவுதான். (இரண்டாம் உலகப்போர் காலம் வரை அந்த இடத்தில் ஆட்டுக்குடலில் முறுக்கிய நரம்புதான் இருந்தது, போருக்குப் பிறகுதான் நைலான் வந்தது.) இழுவையும் இதில் ரொம்பக் குறைவு, புது விரலுக்கு வலி குறைவு, தனியாக உட்கார்ந்து மெலடி எடுக்கிறவர்களுக்கு அருமையாக இருக்கும். யமஹா சி40 இந்த வகையில் பல வருஷமாக எல்லாரும் கை வைத்துப் பழகிய மாடல். ஆனால் கோயில் பாடகர் குழுவுக்கு, கிறிஸ்துமஸ் சமயத்தில் வீடு வீடாகப் போகிற கரோல் பாட்டுக்கு, பத்துப் பேர் குரலுக்கு நடுவில் ஸ்ட்ரம்மிங் கேட்க வேண்டும் என்றால் நைலான் எடுபடாது, அங்கே இரும்புக் கம்பிதான். நெக்கும் அகலம். நைலான் கிட்டாரில் நட், அதாவது நெக்கின் தலைப்பக்க முனையில் கம்பிகள் உட்காருகிற பட்டை, கிட்டத்தட்ட 52 மில்லிமீட்டர், இரும்புக் கம்பிக் கிட்டாரில் 43 மில்லிமீட்டர் அளவு, சின்னக் கைக்கு இந்த வித்தியாசம் பெரிது. ஒன்றை மட்டும் ஞாபகம் வையுங்கள், நைலான் கிட்டாரில் சத்தம் பத்தவில்லை என்று இரும்புக் கம்பியை மாட்டவே கூடாது. 12 கேஜ் (கேஜ் என்றால் கம்பியின் கன அளவு) இரும்புக் கம்பி ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுக்கும், அந்த இழுவைக்குச் செய்யாத பிரிட்ஜ் பெயர்ந்து கையோடு வந்துவிடும்.

சரி, இரும்புக் கம்பி என்று முடிவானால் கடைக்காரர் அடுத்துச் சொல்வது மரத்தைப் பற்றி. மேல்பலகை முழு மரமா, அதாவது சாலிட்டா, இல்லை மெல்லிய தகடுகளை ஒட்டிய லேமினேட்டா என்பது ஒன்றுதான் உண்மையில் விலையையும் சத்தத்தையும் மாற்றுகிற விஷயம். லேபிளில் "சாலிட் ஸ்ப்ரூஸ்" என்று எழுதியிருந்தால்தான் சாலிட், வெறும் "ஸ்ப்ரூஸ் டாப்" என்று இருந்தால் அது பெரும்பாலும் லேமினேட், பளபளவென்று இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். சத்தத் துளையின் ஓரத்தை ஃபோன் டார்ச் அடித்து உற்றுப் பாருங்கள். மேலே தெரிகிற மரத்தின் ரேகை அப்படியே ஓரத்தில் கீழே வரைக்கும் இறங்கினால் முழு மரம், ஓரத்தில் அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் ஒட்டுப்பலகை. சில கிட்டாரில் அந்த ஓரத்தை மறைத்துப் பட்டை ஒட்டியிருப்பார்கள், அப்போது லேபிளைத்தான் நம்ப வேண்டும்.

சாலிட் டாப் நன்றாக ஒலிக்கும், வாசிக்க வாசிக்கத் திறக்கும், இதெல்லாம் உண்மை. ஆனால் ஈரத்துக்கு முதலில் அசைந்து கொடுப்பதும் அதுதான். லேமினேட்டில் தகடுகளை ரேகை குறுக்கும் நெடுக்குமாக வைத்து ஒட்டியிருப்பதால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும், அவ்வளவு சீக்கிரம் உப்பாது. என் கருத்து இதுதான்: கிட்டார் வராண்டாவிலும் கோயில் மேடையிலும் பையிலுமாகக் கிடக்கும், நாலு பேர் எடுப்பார்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு லேமினேட் வாங்குங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஒரே ஆள், ஒரே அறை, வாசித்து முடித்ததும் துடைத்துப் பையில் வைக்கிற பழக்கம் உண்டு என்றால் பதினெட்டு இருபதாயிரம் போட்டு சாலிட் டாப் வாங்குங்கள், கொடுத்த காசுக்குச் சத்தம் நிச்சயம் கிடைக்கும்.

பின்பலகை, பக்கப்பலகை என்ன மரம் என்று இந்த விலையில் ரொம்ப மெனக்கெட வேண்டாம். ரோஸ்வுட் என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அதில் இந்தியன் ரோஸ்வுட் என்பது நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டிமரம்தான், அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி தன் புகழ்பெற்ற டி-28 மாடலுக்கு 1969 வாக்கில் பிரேசில் மரத்தை விட்டு இதற்குத்தான் மாறியது. கேட்கப் பெருமையாக இருக்கிறது, ஆனால் பத்தாயிரம் ரூபாய்க் கிட்டாரின் முதுகில் ரோஸ்வுட் என்று இருந்தால் அது பெரும்பாலும் மேலே ஒட்டிய ஒரு மெல்லிய தகடு, அதற்காகக் கூடுதலாக ஆயிரம் கொடுக்காதீர்கள்.

அந்த ஆயிரத்தை டியூனிங் கீயில் போடலாம். தலைப்பகுதியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். பல்சக்கரம் வெளியே தெரிகிற மாதிரி திறந்திருந்தால் அதில் மணலும் உப்பும் போய்ச் சேரும், கொஞ்ச நாளில் கரகரவென்று திரும்பும், அப்புறம் சுருதி நிற்காது. சின்ன டப்பா மாதிரி மூடியிருக்கிற கீ நமக்கு நல்லது. ஒவ்வொன்றையும் திருப்பிப் பாருங்கள், எந்த இடத்திலும் தொளதொளப்பு இல்லாமல் ஒரே இறுக்கத்தில் திரும்ப வேண்டும். ஸ்க்ரூ தலையில் இப்போதே பழுப்புப் புள்ளி இருந்தால் அந்தக் கிட்டார் கடையிலேயே பல மாதம் கிடந்திருக்கிறது என்று அர்த்தம். வேறு ஒன்றை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

இப்போது கடையில் செய்ய வேண்டிய சோதனை. ராமநாதபுரத்தில் வகை குறைவு, நிறையப் பார்த்து எடுக்க மதுரைதான் போக வேண்டியிருக்கும், போகிறது போகிறோம், அவசரப்படாமல் ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். பையில் மூன்று பொருள் வேண்டும்: பழைய ஏடிஎம் கார்டு நாலு, ஒரு விசிட்டிங் கார்டு, ஃபோனில் டியூனர் ஆப். வாசிக்கத் தெரிந்த நண்பர் ஒருவர் கூட வந்தால் இன்னும் நல்லது, அவர் வாசிக்கும்போது நீங்கள் எதிரே நின்று கேட்கலாம், கிட்டாரின் சத்தம் வாசிக்கிறவருக்குக் கேட்பதைவிட எதிரே நிற்பவருக்குத்தான் முழுதாகக் கேட்கும்.

முதலில், "அண்ணே, இதைக் கொஞ்சம் டியூன் பண்ணித் தாங்க" என்று கேளுங்கள். டியூன் செய்யாத கிட்டாரில் எந்தச் சோதனையும் செல்லாது, கம்பி தளர்ந்திருந்தால் நெக் வேறு மாதிரி நிற்கும். டியூன் ஆனதும் கிட்டாரின் அடிப்பாகம் உங்கள் பக்கம் இருக்க, நெக்கை வெளிச்சம் பார்த்து நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பிரிட்ஜ் பக்கத்திலிருந்து தலை வரைக்கும் நெக்கின் இரண்டு ஓரத்தையும் பாருங்கள். இரண்டு ஓரமும் ஒரே கோடாகப் போக வேண்டும். நடுவில் லேசாகக் குழிந்திருந்தால் பரவாயில்லை, அது இருக்கத்தான் வேண்டும். ஒரு ஓரம் ஏறி மறு ஓரம் இறங்கி முறுக்கிக்கொண்டிருந்தால் அதைக் கீழே வைத்துவிடுங்கள். பாதி விலைக்குத் தருகிறேன் என்றாலும் வேண்டாம், முறுக்கிய நெக்கை டிரஸ் ராட் சரிசெய்யாது.

அந்த லேசான குழிவை அளக்கத்தான் விசிட்டிங் கார்டு. தடித்த கம்பியை முதல் ஃபிரெட்டில் ஒரு கையாலும் 14ஆவது ஃபிரெட்டில் மறு கையாலும் அழுத்துங்கள், அப்போது அந்தக் கம்பி ஒரு நேர் அளவுகோலாகிவிடும். ஏழாவது ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் நண்பர் விசிட்டிங் கார்டை நுழைத்துப் பார்க்கட்டும். ஒட்டி உரசி நுழைந்தால் கச்சிதம், சுமார் கால் மில்லிமீட்டர் இருக்கிறது என்று அர்த்தம். இடைவெளியே இல்லாமல் கம்பி ஃபிரெட்டில் படுத்திருந்தாலும், இரண்டு மூன்று கார்டு நுழைகிற அளவு இருந்தாலும் டிரஸ் ராடைத் திருப்ப வேண்டும். கடையிலேயே திருப்பித் தரச் சொல்லுங்கள், ஆலன் கீ நுழைகிற ஓட்டை தலைப்பகுதி மூடிக்கு அடியிலோ சத்தத் துளைக்குள்ளோ இருக்கும். இரும்புக் கம்பிக் கிட்டாரில் ஓட்டையே இல்லை என்றால் சரிசெய்கிற டிரஸ் ராடும் இல்லை, அந்தக் கிட்டார் நம் காற்றுக்கு ஆகாது.

அடுத்து கம்பி உயரம், ஆக்‌ஷன் என்பார்கள். ஒரு ஏடிஎம் கார்டின் கனம் 0.76 மில்லிமீட்டர். மூன்றை அடுக்கினால் 2.3 வரும். அந்த மூன்றையும் சேர்த்து 12ஆவது ஃபிரெட்டின் மேல் வைத்துத் தடித்த கம்பிக்கு அடியில் தள்ளுங்கள், கம்பியை லேசாக உரசிக்கொண்டு நின்றால் அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. நாலாவது கார்டும் தாராளமாக நுழைந்தால் உயரம் மூன்றைத் தாண்டிவிட்டது, புதியவர் கையில் அது தண்டனை. உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், பிரிட்ஜின் மேல் நிற்கிற வெள்ளைப் பட்டையைப் பாருங்கள், அதுதான் சேடில். அது பலகைக்கு மேல் மூன்று நாலு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் அடிப்பக்கத்தைத் தேய்த்து இறக்கலாம், ஒரு மில்லிமீட்டர் தேய்த்தால் 12ஆவது ஃபிரெட்டில் அரை மில்லிமீட்டர் இறங்கும். கம்பியும் உயரமாக இருந்து சேடிலும் ஏற்கெனவே பிரிட்ஜோடு பிரிட்ஜாகத் தாழ்ந்திருந்தால் இறக்க இடமே இல்லை, நெக் பொருத்திய கோணமே தப்பு, அது வேண்டாம். இதை ஏன் இத்தனை நீட்டிச் சொல்கிறேன் என்றால், வாடைக்காற்றும் மழையுமாக ஐப்பசி கார்த்திகையில் பலகை ஊறி ஆக்‌ஷன் எப்படியும் கொஞ்சம் ஏறும், அப்போது இறக்குவதற்கு சேடிலில் இடம் மிச்சம் இருந்தால்தான் அந்தக் கிட்டார் நம் ஊரில் பிழைக்கும்.

அப்புறம் ஆறு கம்பியிலும் முதல் ஃபிரெட்டிலிருந்து 14 வரைக்கும் ஒவ்வொன்றாக அழுத்தி மீட்டுங்கள். அலுப்பான வேலைதான், கடைக்காரர் கொஞ்சம் முகம் சுளிக்கலாம், பரவாயில்லை, காசு உங்களுடையது. எங்காவது ஒரே இடத்தில் மட்டும் "கிர்ர்" என்று அடித்தால் அங்கே ஒரு ஃபிரெட் மேலே ஏறியிருக்கிறது. 12ஆவது ஃபிரெட்டின் நேர்மேலே கம்பியை அழுத்தாமல் விரலால் தொட்டு மீட்டினால் மணிபோல் ஒரு சத்தம் வரும், அதே இடத்தில் அழுத்தி மீட்டியதையும் டியூனரில் பாருங்கள், இரண்டும் ஒரே இடத்தில் நின்றால் மேல்நோக்கி வாசிக்கும்போது சுருதி பிசகாது. மயிரிழை வித்தியாசம் இந்த விலையில் சகஜம், முள் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற அளவு விலகினால் வேண்டாம். நெக்கின் ஓரத்தைக் கையால் மேலும் கீழும் தடவுங்கள், ஃபிரெட் முனை குத்தக் கூடாது. கடைசியாக ஃபோனை சத்தத் துளைக்குள் விட்டு டார்ச்சோடு வீடியோ எடுத்து, உள்ளே குறுக்குச் சட்டங்கள் பலகையோடு இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், அங்கங்கே பசை வழிந்திருந்தால் அழகு குறைவுதான், பழுது இல்லை.

ஒரே மாடலில் இரண்டு மூன்று இருந்தால் எல்லாவற்றையும் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரே தொழிற்சாலை, ஒரே விலை, ஆனாலும் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஜி கார்டைப் பிடித்து மீட்டி, எது நீண்ட நேரம் ஒலிக்கிறது என்று கேளுங்கள்.

மாடல் பெயர்கள் வேண்டும் என்பவர்களுக்கு: பத்தாயிரத்தை ஒட்டி யமஹா எஃப்310, லேமினேட் ஸ்ப்ரூஸ் மேல்பலகை, 634 மில்லிமீட்டர் கம்பி நீளம், அந்தக் கொஞ்சம் குறைந்த நீளத்தால் இழுவையும் கொஞ்சம் குறைவு. இதை விட்டு வேறு சொல்ல எனக்கு மனம் வராது, அந்த அளவுக்கு நம்பகமானது. சென்னைக்குப் பக்கத்திலேயே யமஹா தொழிற்சாலை இருக்கிறது, எஃப்280, எஃப்எஸ்80சி மாதிரி மாடல்களும் கடைகளில் சுலபமாகக் கிடைக்கின்றன. ஒரு படி மேலே போனால் யமஹா எஃப்ஜி800, 2016இல் வந்தது, சாலிட் ஸ்ப்ரூஸ், கம்பி நீளம் 650. எஃப்ஜி என்ற அந்த வரிசை 1966இல் தொடங்கியது, அத்தனை வருஷமாகக் குறைந்த விலைக்கு ஒழுங்கான கிட்டார் என்ற ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. ஃபெண்டர் சிடி-60எஸ் மாடலிலும் மேல்பலகை சாலிட்தான். கோர்ட் கம்பெனியிலும் இந்த விலைக்குப் பார்க்கத் தகுந்தவை உண்டு. எதுவானாலும் மேலே சொன்ன சோதனையில் தேறினால்தான், பெயருக்காக எடுக்க வேண்டாம்.

உடம்பின் அளவையும் பாருங்கள். டிரெட்னாட் என்கிற பெரிய பெட்டிக்குச் சத்தம் அதிகம், கீழ்ச்சுருதி கனமாக வரும், கூட்டத்தில் பாட அதுதான் நல்லது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதைக் கொடுத்தால் வலது கை தோளோடு தூக்கிக்கொண்டு நிற்கும், கான்சர்ட் என்கிற சின்ன அளவு எடுங்கள். கடையில் உட்கார வைத்து மடியில் கொடுத்துப் பாருங்கள், வலது முழங்கை இயல்பாகக் கீழே விழுந்து கை சத்தத் துளைக்கு நேராக வந்தால் அந்த அளவு சரி.

ஒயர் மாட்டி ஸ்பீக்கரில் கேட்க வைக்கிற பிக்கப் வைத்த செமி எலக்ட்ரிக் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு, இந்த பட்ஜெட்டில் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்தச் சர்க்யூட்டுக்குப் போகிற காசு மரத்திலும் வேலையிலும் குறைந்திருக்கும். தவிர நம் ஊரில் பேட்டரி முனையிலும் ஜாக்கிலும் பச்சைக் களிம்பு ஏறி, திருவிழா அன்றைக்கு மேடையில் ஏறி நிற்கும்போது கரமுர என்று சத்தம் போடும். சாதாரண கிட்டார் வாங்கி முன்னால் ஒரு மைக் வையுங்கள், பின்னால் தேவைப்பட்டால் சத்தத் துளையில் மாட்டுகிற பிக்கப் தனியாக வாங்கிக்கொள்ளலாம், கழற்றித் துடைத்து வைக்கவும் முடியும்.

ஆன்லைனில் வாங்குவதானால் ராமேஸ்வரம் தீவுக்கே கொண்டுவந்து தருகிறார்களா, திருப்பி எடுத்துக்கொள்ள எத்தனை நாள் என்று இரண்டையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டியைப் பிரிப்பதிலிருந்தே விடாமல் வீடியோ எடுங்கள். வந்த அன்றே கார்டு சோதனைகளை எல்லாம் செய்து பாருங்கள், "லீவுல அண்ணன் வரட்டும், பாத்துக்கலாம்" என்று பெட்டியிலேயே வைத்திருந்தால் திருப்புகிற நாள் போய்விடும்.

பழைய கிட்டார் வாங்குவதற்கு நான் முழு ஆதரவு. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர், படிப்பு முடித்தவர் என்று நல்ல கிட்டாரைப் பாதி விலைக்குக் கொடுக்கிறவர்கள் எப்போதும் இருக்கிறார்கள், பத்தாயிரத்துக்கு சாலிட் டாப் கிடைக்க நல்ல வழி அதுதான். கரையோரத்திலேயே இருந்த கிட்டாரா, கடலை விட்டுத் தள்ளிய ஊரில் இருந்து வந்ததா என்று கேளுங்கள். பிரிட்ஜின் பின்விளிம்பில் சாதாரண நோட்டுத் தாளை வைத்துத் தள்ளிப் பாருங்கள், தாள் கொஞ்சமாவது உள்ளே நுழைந்தால் பசை விட்டுக்கொண்டிருக்கிறது. பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை லேசாக வளைந்திருப்பது இயல்பு, தொப்பை வைத்த மாதிரி உப்பி, முன்பக்கம் குழிவிழுந்தால் விலகிவிடுங்கள். கம்பி துருப்பிடித்திருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம், அது எப்படியும் மாற்ற வேண்டியதுதான், அதைக் காட்டி ஐநூறு ரூபாய் குறைத்துக் கேட்கலாம்.

வாங்கியாயிற்று. கூடவே வந்த கம்பியைக் கழற்றிவிட்டு 11 கேஜில் கோட்டிங் போட்ட கம்பி ஒரு செட் மாட்டுங்கள். விலை சாதாரணக் கம்பியைவிட இரண்டு பங்கு வரைக்கும் இருக்கும், கடலை விட்டுத் தள்ளிய ஊரில் இது ஆடம்பரம், நமக்குச் சிக்கனம். கோட்டிங் இல்லாத கம்பி இங்கே சில வாரத்திலேயே சொரசொரக்கத் தொடங்கும், சொரசொரத்த கம்பி ஃபிரெட்டையும் தேய்க்கும். எதுவாக இருந்தாலும் வாசித்து முடித்ததும் பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் அடியிலும் பிடித்து இழுத்துத் துடைத்துவிடுங்கள், கைவேர்வையும் உப்புதான். துரு வராமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள், வேண்டவே வேண்டாம், தூசியைப் பிடித்து வைத்துக் கம்பியைச் செத்துப்போக வைக்கும்.

கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேராகவும், மழையில் நனைகிற வெளிச்சுவரில் ஆணி அடித்தும் கிட்டாரைத் தொங்கவிடாதீர்கள். உள்சுவர் ஓரமாக, தரையில் படாமல், பைக்குள். பைக்குள் நாலைந்து சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள், அதன் பக்கத்தில் ஈரப்பதம் காட்டுகிற சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று, சில நூறு ரூபாய்தான், 60க்கு மேல் போய்க்கொண்டே இருந்தால் பொட்டலத்தை மாற்ற வேண்டும், 40க்குக் கீழே இறங்கினால் பாதியை எடுத்துவிட வேண்டும். சித்திரை வெயிலில் நிறுத்தி வைத்த காருக்குள் விட்டுவிட்டு எங்கும் போகாதீர்கள், அந்தச் சூட்டில் பிரிட்ஜ் ஒட்டிய பசையே இளகும்.

டிசம்பரில் கரோலுக்கு வாசிக்கிறவர்கள் கம்பியை முதல் நாள் சாயங்காலம் மாற்றாதீர்கள். புதுக்கம்பி நீண்டு நிலைக்க இரண்டு மூன்று நாள் பிடிக்கும், அதுவரை சுருதி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். ஒரு வாரம் முன்பே மாற்றி, அன்றைக்கே அந்த மூன்று ஏடிஎம் கார்டையும் எடுத்து 12ஆவது ஃபிரெட்டில் வைத்துப் பார்த்துவிடுங்கள், மழைக்காலத்தில் உயரம் ஏறியிருந்தால் சேடிலைக் கழற்றித் தேய்த்து மாட்ட அப்போது நேரம் இருக்கும். சேடிலைத் தேய்ப்பதானால், முழு உயரத்தில் இன்னொன்று வாங்கிப் பையின் ஜிப் அறையில் வைத்துக்கொள்ளுங்கள், பங்குனியில் பலகை இறங்கிக் கம்பி ஃபிரெட்டில் அடிக்கத் தொடங்கும்போது அது வேண்டும்.